விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போவது எப்படி?

பெங்களூரு டூர் போடும் நம்மூர் குடும்பங்கள் பெரும்பாலும் விதான சவுதா, கப்பன் பார்க், லால்பாக் என்று எழுதிவிட்டு, நடுவில் ‘சயின்ஸ் மியூசியம், 1 மணி நேரம்’ என்று செருகுவது வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் நாலு தளத்தையும் ஓடி முடித்து, டைனோசர் முன்னால் ஒரு போட்டோ எடுத்து, வெளியே வந்து சோளம் வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் அப்படிப் பார்க்கிற இடமில்லை. அங்கே பார்ப்பதைவிடத் தொடுவது முக்கியம்: பட்டனை அழுத்த வேண்டும், கைப்பிடியைச் சுற்ற வேண்டும், கயிற்றை இழுக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், கூடவே வருகிற பெரியவர்களுக்குக் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் சிறியவர்கள் வரலாம், ஆனால் அவர்களுக்கு டைனோசரும் குழந்தைகளுக்கான பகுதியும் போதும். மற்றதற்கெல்லாம் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

போகும் முன்

மியூசியம் காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறது. தீபாவளி, விநாயகர் சதுர்த்தி இரண்டு நாள் தவிர வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஞாயிறும் திங்களும் உண்டு. இது பலருக்குத் தெரியாமல் திங்கள்கிழமை லீவாக இருக்குமோ என்று குழம்புவார்கள். டிக்கெட் விலை அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள் போகலாம்? முடிந்தால் வாரநாள், அதிலும் காலை திறந்தவுடன். நவம்பர் முதல் ஜனவரி வரை பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் காலம். ஒரே சமயத்தில் நூறு பிள்ளைகள் ஒரு ஹாலுக்குள் நுழைந்தால், உங்கள் பிள்ளைக்கு ஒரு பட்டனை ஒருமுறை தட்டத்தான் வாய்ப்புக் கிடைக்கும். கூட்டம் எதிர்ப்பட்டால் அதோடு போட்டி போடாதீர்கள். அவர்கள் எந்தத் தளத்தில் இருக்கிறார்களோ அதைவிட்டு வேறு தளத்துக்குப் போய்விடுங்கள். பள்ளிக் கூட்டம் ஒரு ஹாலில் வெகுநேரம் நிற்காது, டீச்சர் விசில் ஊதியதும் நகர்ந்துவிடும்.

பையில் தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன நோட்டு, பென்சில். நோட்டு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். முழுக்கால் பேன்ட்டும் கழன்று விழாத செருப்பும் போட்டுவிடுங்கள். ஏறி உட்கார்ந்து செய்கிற பொருள்கள் எதிர்ப்பட்டால் பாவாடை கட்டிய குழந்தை சங்கடப்படும்.

இந்த மியூசியம் யார் பெயரில் இருக்கிறது என்பதை ரயிலிலேயே சொல்லிவிடலாம். சர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர், பிறகு திவான் ஆனவர், கிருஷ்ணராஜ சாகர் அணையோடு சேர்த்துப் பேசப்படுபவர். பிள்ளைகளுக்கு அணையை விட அவருடைய கதவுகள் பிடிக்கும். தண்ணீர் ஒரு மட்டத்தைத் தாண்டினால் தானாகத் திறந்து, இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும் மதகுக் கதவுகளை அவர் வடிவமைத்தார். 1903இல் புணேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் அவற்றைப் பொருத்தினார்கள். கரண்ட் இல்லாமல், ஆள் இல்லாமல் கதவு எப்படித் தானாகத் திறக்கும் என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பதில் சொல்ல அவசரம் வேண்டாம். 1962 ஏப்ரலில், நூறு வயதைத் தாண்டி அவர் காலமானார். அதே வருடம் ஜூலை 14ஆம் தேதி நேரு இந்தக் கட்டடத்தைத் திறந்துவைத்தார். மின்சாரம் பற்றிய முதல் காட்சிக்கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1965இல்.

எந்த ஸ்டேஷனில் இறங்குவது

இதில்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். விஸ்வேஸ்வரய்யா பெயரில் பெங்களூரில் ஒரு ரயில் முனையம் இருக்கிறது, பையப்பனஹள்ளியில். பர்ப்பிள் லைன் மெட்ரோவிலும் அவர் பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, சென்ட்ரல் காலேஜ் பக்கம். இரண்டுமே மியூசியத்துக்கு இறங்கும் இடம் கிடையாது. பெயரைப் பார்த்துக் குடும்பத்தோடு எழுந்து வாசலுக்கு வந்துவிடாதீர்கள்.

நீங்கள் இறங்க வேண்டியது அதே பர்ப்பிள் லைனில் கப்பன் பார்க் ஸ்டேஷன். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ரயிலில் வந்து கேஎஸ்ஆர் பெங்களூரு ஸ்டேஷனில் இறங்கினால், பக்கத்திலேயே மெட்ரோ ஏறலாம். ஒரே வண்டி, மாற வேண்டியதில்லை. கப்பன் பார்க்கில் இறங்கிக் கஸ்தூர்பா ரோட்டைப் பிடித்து நடந்தால் சுமார் ஒரு கிலோமீட்டர். குழந்தை நடக்காது என்றால் ஆட்டோ.

மியூசிய வளாகத்தில் ஒரு போர் விமானம் நிற்கும். அது ஹெச்ஏஎல் என்கிற அரசு விமானத் தொழிற்சாலை இதே ஊரில் தயாரித்த மாருத், 1961இல் முதலில் பறந்தது. இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம் அதுதான், வடிவமைத்தவர் ஜெர்மனிக்காரரான கூர்ட் டாங்க். உள்ளே போகும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டு நிமிடம் நின்று, காற்று உள்ளே போகும் வாய் எங்கே, வெளியே வரும் குழாய் எங்கே என்று மட்டும் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என்ஜின் ஹாலில் உதவும்.

டிக்கெட் எடுத்ததும்

கவுன்டரிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று செயல்விளக்கம் எத்தனை மணிக்கு, 3டி ஷோ எத்தனை மணிக்கு? நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் நின்று செய்துகாட்டும் செயல்விளக்கத்தை விட்டுவிடக் கூடாது. 3டி ஷோ கிடைத்தால் பாருங்கள், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. படம் வீட்டிலும் பார்க்கலாம்.

அப்புறம் பிள்ளையோடு ஒரு ஒப்பந்தம் போடுங்கள். எல்லாவற்றையும் பார்க்கப்போவதில்லை. ஒரு ஹாலில் எது பிடிக்கிறதோ அதில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றாகச் செய்து பார்ப்பது. எதையும் ஒரு தடவை செய்துவிட்டு ஓடக் கூடாது. முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மூன்றாவது தடவை எதையாவது மாற்ற வேண்டும்: வேகமாக, மெதுவாக, எதிர்ப்பக்கமாக. இவ்வளவுதான் விதி.

பெரியவர்களுக்கும் விதி உண்டு. பலகையை முதலில் படிக்காதீர்கள். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதை அப்பா மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த பொருளுக்குப் போயிருக்கும். அது செய்து முடித்து, ‘ஏன் இப்படி?’ என்று கேட்ட பிறகு பலகையைப் பாருங்கள். கேட்கவில்லையா, விட்டுவிடுங்கள். இன்னொன்று, பிள்ளை தடுமாறும்போது ‘இங்க குடு, நான் காட்றேன்’ என்று கையை நீட்டாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை இன்ஜினியர்களைக் கெடுத்திருக்கிறதோ தெரியாது.

கைகள் பழகிக்கொள்ள உருளும் பந்துகள் நல்ல இடம். மோட்டார் பந்துகளை மேலே ஏற்றிவிடும். அவை வளைந்த கம்பிப் பாதைகளில் உருண்டு, மோதி, மணியடித்துக் கீழே வரும். மொத்தத்தையும் வேடிக்கை பார்க்காமல் ஒரே ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கண்ணால் பின்தொடரச் சொல்லுங்கள். எங்கே வேகம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று தானாகச் சொல்லும்.

என்ஜின் ஹாலில் அவசரப்பட வேண்டாம்

என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இந்த ஹாலை விடக் கூடாது. நீராவி என்ஜின், பெட்ரோல், டீசல் என்ஜின், ஜெட் என்ஜின், கப்பி, கியர் எல்லாம் இங்கே. பலவற்றை வெட்டித் திறந்து வைத்திருப்பதால் உள்ளே நடப்பது தெரியும்.

வெட்டிவைத்த நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது ஒரு வால்வு திறக்கும், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். மேலே ஏறும்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், கலவை நசுங்கும். ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் வெடித்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி ஏறும்போது இன்னொரு வால்வு திறந்து புகையை வெளியே விடும். இதை நீங்கள் சொல்ல வேண்டாம். பிள்ளையை ஒரே ஒரு வால்வைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பிஸ்டனோடு சேர்ந்து கீழே சுற்றும் கிராங்க் என்கிற தண்டு எத்தனை சுற்றுச் சுற்றினால் அந்த வால்வு ஒருமுறை திறக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு என்று வரும். வால்வைத் தள்ளும் கேம் ஷாஃப்ட், கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது என்பதை அது கண்ணால் பிடித்துவிட்டது. அடுத்த கேள்வி: பாதி வேகத்தில் சுற்ற வைக்க என்ன செய்திருப்பார்கள்? கேம் பக்கத்துச் சக்கரத்தில் இருமடங்கு பல். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைச் சொல்லிவிட்டால் பைக் மெக்கானிக் பேசும் ‘டைமிங்’ என்ன என்று அதற்குப் புரிந்துவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் அங்கேயே எடுக்கலாம். நான்கில் ஒரு ஸ்ட்ரோக்கில்தான் என்ஜின் சக்தி கொடுக்கிறது. மற்ற மூன்றுக்கும் பிஸ்டனை யார் நகர்த்துகிறார்கள்? ஃப்ளைவீல் என்கிற அந்தக் கனத்த சக்கரம். ‘எதுக்கு இவ்வளவு வெயிட்டா ஒரு சக்கரம்?’ என்று பிள்ளை கேட்கும்படி விட்டுவிட்டால் போதும்.

பிறகு டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. காற்றை நசுக்கியே அவ்வளவு சூடாக்கிவிடுவதால் டீசலைத் தெளித்தாலே பற்றிக்கொள்ளும், பொறி தேவையில்லை. ஜெட் என்ஜின் பக்கம் வந்தால் வெளியே பார்த்த மாருத்தை நினைவுபடுத்துங்கள். உறிஞ்சுவது, நசுக்குவது, எரிப்பது, வெளியே தள்ளுவது: அதே நான்கு வேலை. பிஸ்டன் என்ஜினில் ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை, இங்கே முன்னாலிருந்து பின்னால் வரை வரிசையாக ஒரே சமயத்தில் நடக்கின்றன.

கப்பிகளில் ஒரு கப்பியும் பல கப்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிள்ளை உடனே சுலபமானதைக் கண்டுபிடித்துவிடும். எல்லோரும் அதோடு நகர்ந்துவிடுவார்கள். கையில் வந்த கயிற்றின் நீளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாரத்தை நான்கு கயிறு தாங்கினால் கால்வாசி பலம் போதும், ஆனால் ஒரு அடி தூக்க நான்கு அடி கயிறு இழுக்க வேண்டும். நம் கிராமத்துக் கிணற்று ராட்டினம் ஒற்றைக் கப்பிதான், அதில் பாரம் குறைவதில்லை. கீழ்நோக்கி இழுக்கலாம் என்கிற வசதி மட்டும். தாத்தா பாட்டி கூட வந்திருந்தால் இந்த இடத்தில் அவர்களைப் பேசவிடுங்கள்.

மின்சாரமும் காந்தமும்

இந்த ஹாலில் 19ஆம் நூற்றாண்டுச் சோதனைகளைக் கையாலேயே செய்யலாம். ஓர்ஸ்டெட் 1820இல் கண்டது: கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்திலிருக்கும் திசைகாட்டி முள் திரும்பும். சுலபம், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கொஞ்சம் நிற்க வேண்டியது ஃபாரடேயின் 1831 சோதனை முன்னால். இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்கள், ஒன்றையொன்று தொடாது. ஒன்றில் மின்சாரம் விட்டால் மற்றதோடு இணைத்த முள் துள்ளும். பெரும்பாலான பிள்ளைகள் ஸ்விட்சைத் தட்டி முள் ஆடியதைப் பார்த்துவிட்டு ‘சூப்பர்’ என்று போய்விடும். ஸ்விட்சை அழுத்தியபடியே பிடித்திருக்கச் சொல்லுங்கள். முள் துள்ளிவிட்டுத் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, முள் மட்டும் சும்மா நிற்கிறது. இப்போது கையை எடுக்கச் சொல்லுங்கள். முள் எதிர்ப்பக்கம் துள்ளும். ஓடுகிற மின்சாரம் வேறு, மாறுகிற மின்சாரம் வேறு என்பது அந்த இரண்டாவது துள்ளலில்தான் இருக்கிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான்.

கையால் சுற்றி பல்பை எரியவைக்கும் ஜெனரேட்டர் எதிர்ப்பட்டால், பல்பு இணைப்பு இல்லாமல் சுற்றுவதும் இணைப்போடு சுற்றுவதும் ஒன்றா என்று கேளுங்கள். பல்பு எரிய ஆரம்பித்ததும் கைப்பிடி கனத்துவிடும். கரண்ட் பில் எதற்குக் கட்டுகிறோம் என்பது பிள்ளையின் தோள்பட்டைக்குத் தெரிந்துவிடும்.

இந்த ஊரில் நின்றுகொண்டு இன்னொரு கதையும் சொல்லலாம். காவிரியின் சிவனசமுத்திரத்தில் அருவி நீரைக் கொண்டு 1902இல் மின்சாரம் எடுத்தார்கள். அது முதலில் போனது பெங்களூருக்கு இல்லை, கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905இல்தான். அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் ஏராளமானோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். உங்கள் குடும்பத்திலேயே ஒரு கேஜிஎஃப் தாத்தா இருக்கலாம்.

ரைட் சகோதரர்களின் விமானம்

ஃப்ளையர் என்கிற அவர்களுடைய 1903ஆம் ஆண்டு விமானத்தின் நிஜ அளவு மாதிரி இங்கே இருக்கிறது. விமானம் ஓட்டுவதுபோல் அனுபவம் தரும் சிமுலேட்டருக்கு வரிசை நீளமாக இருக்கும், அதைப் பார்த்து விமானத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அது முதலில் பறந்தது 12 விநாடி, 120 அடி. அதன் இறக்கையின் முழு அகலம் 40 அடிக்குச் சற்று மேல். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிள்ளையை நடக்கச் சொல்லி, அதில் மூன்று மடங்குதான் அந்த முதல் பயணம் என்று சொல்லுங்கள். ஓட்டுபவர் உட்கார மாட்டார், குப்புறப் படுத்திருப்பார். இடுப்பை அசைத்தால் இறக்கைகள் முறுக்கிக்கொண்டு விமானம் சாயும். என்ஜினிலிருந்து இரண்டு புரொப்பெல்லர்களுக்கும் போவது செயின். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு செயினைக் குறுக்காக மாட்டியிருப்பார்கள். புரொப்பெல்லர்கள் எதிரெதிர்ப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதற்காக.

மற்ற ஹால்கள்

கண்ணாடி, ஒலி, கணக்கு, கண்ணை ஏமாற்றும் படங்கள் எல்லாம் உள்ள வேடிக்கை அறிவியல் பகுதி எல்லா வயதுக்கும் பிடிக்கும், வழிகாட்டி தேவையில்லை. அங்கே நீங்களும் விளையாடுங்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தின் பெயரில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஹால் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு. விண்வெளி, உயிர்த்தொழில்நுட்பம் இரண்டும் பார்ப்பதும் படிப்பதுமாகவே அதிகம், களைத்த பிள்ளையை அங்கே இழுக்காதீர்கள். டைனோசர் அசையும், சத்தம் போடும். மூன்று வயதுக் குழந்தை அழக்கூடும், பத்து அடி தள்ளியே நிறுத்துங்கள்.

எந்தக் கைதொட்டுப் பார்க்கும் மியூசியத்திலும் சில பொருள்கள் பழுதாகி நிற்கும். தினமும் ஆயிரம் கை படுகிற இடம் அப்படித்தான் இருக்கும். முகம் சுளிக்காமல், எது உடைந்திருக்கும் என்று பிள்ளையோடு ஊகித்துப் பாருங்கள். கம்பியா, ஸ்விட்சா, பெல்ட்டா? அதுவும் இன்ஜினியரிங்தான்.

இரண்டு மணி நேரம் ஆனதும் ஹாலைவிட்டு வெளியே வாருங்கள். மாடியில் கேன்டீன் இருக்கிறது. டிபனுக்குப் பிறகு மறுபடி புத்துணர்ச்சியோடு ஒரு மணி நேரம் ஓடும். அதற்கு மேல் வேண்டாம். கப்பன் பார்க் பின்னாலேயே இருக்கிறது, புல்லில் ஓடவிடுங்கள். பக்கத்து அரசு அருங்காட்சியகத்தையும் அன்றே சேர்த்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். சிலைகளும் கல்வெட்டுகளும் இன்னொரு நாளுக்கு இருக்கட்டும்.

அந்த நோட்டு

கிளம்பும் முன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மிகவும் பிடித்த ஒரு பொருளைப் பிள்ளை வரையட்டும். அழகு முக்கியமில்லை. எது எதைத் தள்ளுகிறது என்று அம்புக்குறி போட வேண்டும். வரையும்போதுதான் ‘இந்தக் கம்பி எங்க போச்சு?’ என்று சந்தேகம் வரும். உடனே திரும்பிப் போய்ப் பார்க்கலாம், ஹால் அங்கேயேதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த வாரத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன்பல்சக்கரத்தின் பற்களையும் பின்சக்கரத்துப் பற்களையும் எண்ணி, முன்னதைப் பின்னதால் வகுக்கச் சொல்லுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, பெடலை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி, கோடு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். கணக்கும் கோடும் ஒத்துப்போகும். ஓர்ஸ்டெட் சோதனைக்கு ஒரு பென்சில் பேட்டரி, ஒரு முழம் வயர், சின்னத் திசைகாட்டி போதும். வயரைத் திசைகாட்டிக்கு மேலே, வடக்கு தெற்காகப் பிடித்து, ஒரு விநாடி மட்டும் பேட்டரியைத் தொட வைத்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வயர் சூடேறும். சுவர் பிளக் பக்கம் இந்த விளையாட்டுக்கே போகக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பெங்களூரு தொலைவு என்கிற தென்மாவட்டத்துக்காரர்கள் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தொடங்கலாம். அங்கே தாமிரபரணிக் கரையில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையம் 1987இல் திறக்கப்பட்டது, இதே விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தின் கிளைதான். அளவில் சிறியது என்பதால் அரை நாள் போதும், கூட்டமும் பெங்களூரு அளவுக்கு இருக்காது. முதலில் அங்கே ஒருமுறை கூட்டிப்போய், பிள்ளை எந்தப் பொருள் முன்னால் அதிக நேரம் நிற்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், பெங்களூரில் எந்த ஹாலிலிருந்து ஆரம்பிப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.